பிந்தி வந்த ஆண்டகை

– ரெண்டாவது கல் இல்லைச் சுவாமி, மூண்டாவது. மேற்கு வாசலாலை உள்ளுக்கு வந்தா மூண்டாவது கல்லுக்குக் கீழைதான் ஆண்டகை படுத்திருக்கிறார். பதினொரு வருசமா அதைத் துடைக்கிறவளுக்குத் தெரியாதோ.

– ஒரு நிமிசம் அம்மா, திருத்திறன். ‘மூன்றாவது கல்.’ அதாவது, போன மாசம் நீங்கள் சொன்ன சாட்சியத்தைத்தான் நான் இப்ப எழுத்தாக்கிக் கொண்டு வந்திருக்கிறன். முழுக்க வாசிச்சுக் காட்டுவன். பிழை எண்டாச் சொல்லுங்கோ. கடைசியிலை நீங்கள் கையெழுத்து வைச்சால் கடுதாசி வெர்சென் மறைமாவட்டத்துக்குப் போகும், அங்கையிருந்து உரோமைக்கு.

– பாதர், உதுக்கு என்ரை பூக்கடைதானோ கிடைச்சது? கோயில் அறையிலை வைச்சு வாசிச்சிருக்கலாமே. லா ஷப்பல் ரோட்டு இரைச்சல் முழுக்க இஞ்சைதான் கிடக்கு. தலைக்கு மேலாலை மெத்ரோ வேறை.

– அம்மாவுக்கு ரெண்டு வேலைக்கு நடுவிலை ஒரு மணித்தியாலம்தான் கிடைக்குது பூரணியக்கா. அவதான் இஞ்சை வரச் சொன்னவ.

– ஓம் பூரணி, நான்தான் சொன்னனான். நீயும் இருந்து கேள். நீ இல்லாமல் என்னட்டை என்ன கதை கிடக்கு.

– சரி, நான் வாய் திறக்கேல்லை. மாலை கட்டிக்கொண்டிருக்கிறன். நாளைக்கு ரெண்டு கலியாணம். நீங்கள் வாசியுங்கோ.

– ‘லூசியா ஆகிய நான், வயது ஐம்பத்தெட்டு, மன்னார் பேசாலையில் பிறந்தவள். தற்போது பாரிசுக்கு அருகே எபினே-சூர்-செய்னில் வசிக்கிறேன். வெர்சென் பேராலயத்தில் துப்புரவுப் பணி செய்கிறேன். அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ள ஆயர் எத்தியென் தெ லார்மோன் ஆண்டகையைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது...’ இதிலை இடம் விட்டிருக்கிறன் அம்மா. எப்பிடித் தெரிய வந்தது?

– ஆரெலி சொன்னவ. கோயிலைத் திறந்து பூட்டுற மனுசி. நான் அதுக்கு முதல் ஏழு வருசம் ரெஸ்ரோறன்ற் குசினியிலை எங்கடை ஆக்களோடைதான் நிண்டனான். பிரெஞ்சு எண்டால் ‘பொன்சூர், மெர்சி’ அவ்வளவுதான். ஆரெலி ஒரு நாளைக்கு ஒரு வசனம் சொல்லுவா. நான் துடைச்சுக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவன். அடுத்த நாள் அடுத்த வசனம். ஒரு வருசத்திலை ஆண்டகையின்ரை சீவியம் முழுக்க வந்திட்டுது, அதோடை பாசையும் வந்திட்டுது. ஆரெலிக்கு நான் நன்றி சொன்னனெண்டும் எழுதுங்கோ. எனக்குப் பள்ளிக்கூடம் அவதான்.

– எழுதுறன். முதல் வசனம் என்னெண்டு ஞாபகம் இருக்கோ?

– ‘இல் நே பா வெனு.’ அவர் வரேல்லை. அதுதான் முதல் வசனம்.

– ஆர் வரேல்லை? எங்கை வரேல்லை? இஞ்சை பாருங்கோ, நான் வாய் திறக்கேல்லை எண்டுதான் சொன்னனான், காதை மூடுறன் எண்டு சொல்லேல்லை.

– ஆண்டகைதான் பூரணி. தன்ரை ஊருக்கு வரேல்லை. அவர் பெரிய இடத்துப் பிள்ளை. மாமன்காரனுக்கு அரண்மனையிலை செல்வாக்கு. இருபத்தெட்டு வயசிலை பிடிச்சு வெர்செனுக்கு ஆயராக்கிப் போட்டினம். அவரோ பாரிசிலை இருந்துகொண்டு சீட்டு விளையாடுறார், பாட்டு எழுதுறார். ரெண்டு குதிரை வண்டி, பதினாறு நாய். ஒன்பது வருசம் அப்பிடி. வெர்சென் சனத்துக்கு ஆயர் எண்டு ஒருத்தர் இருக்கிறார் எண்டு தெரியும், முகம் தெரியாது.

– உப்பிடிப்பட்ட ஆளுக்கோ புனிதர் பட்டம் எடுக்க ஓடித் திரியிறியள்?

– அதாலைதான் எனக்கு அவரைப் பிடிச்சது. பிந்தி வந்தவர். பிந்தி எண்டாலும் வந்தவர்.

– அதாவது பூரணியக்கா, அந்தக் காலத்திலை கன ஆயர்மார் அப்பிடித்தான். அரசர் ஒரு பேரைச் சொல்லுவார், பாப்பரசர் ஓம் எண்டுவார், பேர் வந்த ஆள் பாரிசை விட்டு அசையாது. ஆயிரத்து அறுநூற்றி முப்பத்தாறிலை வடக்கிலை சண்டை. ஸ்பானியப் படை உள்ளுக்கு வந்து ஊர் ஊரா எரிச்சுக்கொண்டு வருது. அந்த வருசம்தான் இவர் முதல் முதலா வெர்செனிலை கால் வைச்சவர்.

– கால் வைச்சு மூண்டு கிழமையிலை, பட்டின மதிலுக்கு வெளியிலை நாலாயிரம் சனம், சுவாமி. எரிஞ்ச ஊர்களிலை இருந்து நடந்து வந்ததுகள். பட்டினத்துப் பெரியாக்கள் வாசலைப் பூட்டிப்போட்டினம், கொள்ளை நோய் வந்திடும் எண்டு. ஆண்டகையின்ரை தோட்டத்துக்குப் பின்னாலை மதிலிலை ஒரு சின்னக் கதவு. தோட்டத்துக்கு எரு கொண்டு வாற கதவு. அதை அவர் திறந்தவர் பூரணி. வேலைக்காரரை விட்டுத் திறக்கேல்லை, தானே போய் நிண்டவர். மூண்டு பகல் நிண்டவர். ஒவ்வொருத்தரா உள்ளுக்கு வர வர, பேர் என்னெண்டு கேட்டவர்.

– பேரை மட்டுமோ?

– பேரை மட்டும். எந்த ஊர், ஏன் வந்தனீ, என்ன ஆதாரம் எண்டு ஒண்டும் கேக்கேல்லை. ஆரெலி அந்த வசனத்தைச் சொன்ன அண்டைக்கு நான் வாளியைக் கீழை வைச்சிட்டு நிண்டிட்டன். என்ன லூசியா, விளங்கேல்லையோ எண்டு அவ கேட்டவ. விளங்கினதாலைதான் நிக்கிறன் எண்டு சொல்ல எனக்கு அப்ப பிரெஞ்சு காணாது.

– என்ரை அகதி மனுவை ரெண்டு முறை திருப்பினவை. உந்த எருக் கதவிலை உந்தப் பெரிய சாமி நிண்டிருந்தால் ஒரு காலமை அலுவல். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுசன்தான்.

– வண்டிகளைச் சொல்லுங்கோ அம்மா. அது என்ரை எழுத்திலை இல்லை.

– ஒரு வண்டியைச் சில்லுக் கழட்டி முற்றத்திலை வைச்சுப் பிள்ளைப்பேறுக்கு விட்டவர். அதுக்குள்ளை அம்பத்தொரு பிள்ளையள் பிறந்ததுகள். மற்ற வண்டியிலை அவர் படுத்தவர். மாளிகை முழுக்கச் சனம், அவருக்கு அறை இல்லை.

– பதினாறு நாயும்?

– பஞ்ச காலம் பூரணியக்கா. அதைக் கேக்காதேங்கோ.

– என்ரை பிள்ளையாரே.

– பிறகு இருபத்தஞ்சு வருசம் அங்கேயேதான். காய்ச்சல்காரரைத் தன்ரை கையாலை கழுவினவர். பாரிசுப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. சாகேக்கை, என்னை வாசலடியிலை தாழுங்கோ, சனம் மிதிச்சுக்கொண்டு போகட்டும் எண்டவர். மிதிச்சு மிதிச்சுக் கல்லிலை பேர் அழிஞ்சு போச்சு. இப்ப ‘எத்’ எண்டு ரெண்டு எழுத்துத்தான் தெரியும். நான் அதிலை துடைக்கேக்கை அழுத்தித் துடைக்கிறேல்லை.

– நன்றி அம்மா. நான் மூண்டு புத்தகம் படிச்சும் இப்பிடிச் சொல்ல வராது. சரி, அடுத்தது. ‘என் மகள் ஜெனிற்றா, 2004இல் பிறந்தவள்...’

– அதிலை அவளை விட்டிட்டு வந்ததை எழுதினனீங்களோ?

– ‘தொழிலின் பொருட்டும் பாதுகாப்பின் பொருட்டும் நான் பிரான்சுக்கு வந்தபோது மகள் உறவினரின் பராமரிப்பில் இருந்தாள்’ எண்டு எழுதியிருக்கிறன்.

– அது பூசி மெழுகின மாதிரி இருக்குச் சுவாமி. நடந்ததை எழுதுங்கோ. மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. அடுத்த வருசம் நான் நாலு வயசுப் பிள்ளையை என்ரை தங்கச்சி ஜெசிந்தாவின்ரை மடியிலை இருத்திப்போட்டு, ரெண்டு வருசத்திலை கூப்பிடுறன் எண்டு சொல்லி வெளிக்கிட்டனான். ஒன்பது வருசம் எடுத்தது. ஒன்பது வருசம் எண்டு ஆரெலி ஆண்டகையைப் பற்றிச் சொல்லேக்கை எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு பாருங்கோ.

– எழுதுறன். ஒன்பது வருசம்.

– பதின்மூண்டு வயசிலை வந்தவள். எயர்போட்டிலை நான் கட்டிப் பிடிக்கப் போக, அவள் கையை நீட்டினவள். வெளியாக்களுக்குக் கை குடுக்கிற மாதிரி. ரெண்டு மாசமாப் பெட்டியைப் பிரிக்கேல்லை. உடுப்பை எடுக்கிறது, தோய்க்கிறது, திருப்பி மடிச்சுப் பெட்டிக்குள்ளை வைக்கிறது. ஜெசிந்தாவைத்தான் போனிலை அம்மா எண்டு கூப்பிடுவாள். என்னைக் கூப்பிடவே மாட்டாள். ஏதும் வேணுமெண்டால் முன்னுக்கு வந்து நிப்பாள்.

– எனக்கு ஞாபகம் இருக்கு அக்கா. இந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். மல்லிகைச் சரம் குடுத்தன். வாங்கி உங்கடை தலையிலை வைக்காமல் என்ரை தலையிலை வைச்சவள்.

– ஓம். அதுக்கும் உனக்கு நான் நன்றிதான் சொன்னன். ஆரின்ரையோ தலையிலை வைச்சாளே.

– ‘2019 பெப்ரவரியில் அவளுக்கு மூளைக் காய்ச்சல் ஏற்பட்டது. பத்தொன்பது நாள் நினைவின்றி இருந்தாள். இருபதாம் நாள் காலை பதினொரு மணிக்கு, சுவாசக் கருவியை நிறுத்துவது பற்றிய என் முடிவைத் தெரிவிக்குமாறு மருத்துவர்கள் கேட்டிருந்தார்கள்.’ சரியோ?

– சரி. அவை நல்ல மனுசர் சுவாமி. அந்த டொக்குத்தர் எனக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருந்து, கையைப் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னவர். பிள்ளை திரும்பி வரும் எண்டு பொய் சொல்ல என்னாலை ஏலாது மதாம் எண்டவர். அவருக்கும் கண் கலங்கினது. அதையும் சேருங்கோ.

– சேர்க்கிறன். ‘அன்று காலை நான் வழமைபோல் வேலைக்குச் சென்றேன்.’

– பதினொரு மணி வரைக்கும் என்ன செய்யிறது. வீட்டிலை இருக்க ஏலாது.

– ‘ஆறரை மணியளவில் கல்லறை அருகே முழந்தாளிட்டேன். ஆறு நாற்பதுக்கு என் மகள் கண் திறந்ததாக மருத்துவமனைப் பதிவு கூறுகிறது. ஏழு மணிக்கு எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.’ அம்மா, இந்த நேரம்தான் முக்கியம். அங்கையிருந்து ஆஸ்பத்திரி முப்பது கிலோமீற்றர். டொக்குத்தர்மார் மூண்டு பேரும் விளக்கம் சொல்ல முடியேல்லை எண்டு எழுதித் தந்திருக்கினம். நூறு வருசத்துக்கு மேலை இவருக்குப் பட்டம் எடுக்கிற அலுவல் ஒரு புதுமை, அதாவது ஒரு அற்புதம், இல்லாமல் தூங்கிக் கிடந்தது. நீங்கள் முழந்தாளிலை இருந்ததை ஆரெலி தூரத்திலை நிண்டு கண்டு பங்குச் சுவாமியிட்டைச் சொல்லாட்டில் இண்டைக்கும் தூங்கித்தான் கிடக்கும்.

– அவ சொல்லுவா எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சால் சொல்ல வேண்டாம் எண்டிருப்பன்.

– ஏன் அம்மா?

– அது வேறை. வாசியுங்கோ.

– ‘இந்த நோய்க் காலத்தில் நானோ எனக்காக வேறு எவருமோ வேறு எந்தப் புனிதரின் பரிந்துரையையும் நாடவில்லை.’

– பாதர், அந்த வரியை இன்னொருக்கா வாசியுங்கோ.

– ‘வேறு எவருமோ வேறு எந்தப் புனிதரின் பரிந்துரையையும்...’ ஏன் பூரணியக்கா? இது வழமையாக் கேக்கிறதுதான். அதாவது, பத்துப் பேரிட்டை மன்றாடினால் ஆர் கேட்டுத் தந்தது எண்டு சொல்லேலாதெல்லோ.

– அப்ப நான் வாய் திறக்கத்தான் வேணும். லூசியாக்கா, கோவிக்கக் கூடாது. நான் பிள்ளையாருக்கு நேர்ந்தனான்.

– என்னத்தை நேர்ந்தனீ?

– நூற்றியொரு தேங்காய். பிள்ளை எழும்பினால் தேருக்கு உடைக்கிறன் எண்டு. அந்த வருசத் தேருக்கு இந்த ரோட்டிலைதான் உடைச்சன். நீங்கள் பக்கத்திலை நிண்டு சாக்கிலை இருந்து ஒவ்வொண்டா எடுத்துத் தந்தனீங்கள்.

– அது தனூஜன்ரை பள்ளிக்கூட பாக் சோதினைக்கு எண்டெல்லோ சொன்னனீ.

– என்ரை மகன் யூலையிலேயே பெயில் அக்கா. பெயிலான சோதினைக்கு ஓகஸ்றிலை ஆர் தேங்காய் உடைக்கிறது?

– நான் அடுத்த வருசத்துக்காக்கும் எண்டு நினைச்சன்.

– நீங்கள் வேதக்காறர். உங்கடை பிள்ளைக்கு நான் எங்கடை கோயிலிலை நேர்ந்தது எண்டால் மனம் நோகுமோ எண்டு பயம். அதாலை பொய் சொன்னன். பாதர், நான் எல்லாத்தையும் குழப்பிப் போட்டன் போலை. பிள்ளையார் புனிதர் கணக்கிலை வருவாரோ?

– எங்கடை பட்டியலிலை இல்லைத்தான்.

– அவருக்கு உங்கடை பட்டியல் தேவையுமில்லை. ஆனா நான் சொன்னது உண்மை. எழுதுறதெண்டால் எழுதுங்கோ, விடுறதெண்டால் விடுங்கோ.

– எழுதுறன் பூரணியக்கா. ‘ஓர் இந்து நண்பி தன் நம்பிக்கைப்படி வேண்டிக்கொண்டார்.’ உரோமையிலை கேள்வி கேப்பினம். கேக்கட்டும். மறைச்சு அனுப்புறதை விட அது பறவாயில்லை.

– பூரணி, கையைக் காட்டு. பூவை வைச்சிட்டுக் காட்டு. பத்தொன்பது நாளும் வேலை முடிஞ்சு சோறு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலை நிண்டனீ. அதுவே எனக்குத் தாங்கேலாத கடன் எண்டு நினைச்சிருந்தன். இதையும் செய்தனியே. என்ரை பிள்ளைக்காக ஒராள் சரியாக் கேட்டிருக்கு. எனக்கு இப்பதான் மூச்சு வருது.

– சரியாக் கேட்டது எண்டால்? நீங்களும் கேட்டனீங்கள்தானே அக்கா.

– இவ்வளவுதான் அம்மா. கையெழுத்து இஞ்சை, கீழை. பேனை இந்தாங்கோ.

– சுவாமி, ‘முழந்தாளிட்டேன்’ எண்டதுக்கு அடுத்த வரி ஒண்டு இஞ்சை எழுதிக் கிடக்கே. அதை நீங்கள் வாசிக்கேல்லை.

– வாசிக்கேல்லையோ. நேரத்தைச் சொல்ல வந்து விட்டிட்டன். ‘என் மகளின் உயிரைக் காப்பாற்றித் தரும்படி இறை ஊழியர் எத்தியெனிடம் உருக்கமாக மன்றாடினேன்.’

– அந்த வரியை வெட்டிப்போட்டு மிச்சத்துக்குக் கையெழுத்து வைக்கேலாதோ?

– அம்மா, அந்த வரிதான் சாட்சியம். மிச்சமெல்லாம் அதுக்குச் சட்டை.

– இதை ஆரார் வாசிப்பினம்?

– மறைமாவட்டத்திலை அஞ்சு பேர். பிறகு உரோமையிலை. கடைசியிலை எல்லாம் முடிஞ்சால் புத்தகமா அச்சடிப்பினம்.

– ஜெனிற்றாவும் வாசிப்பாளோ?

– வாசிக்கலாம். அவளும் ஒரு சாட்சிதானே. போன வியாழக்கிழமை அவளின்ரையை எடுத்தாச்சு.

– என்ன சொன்னவள்?

– அதை நான் சொல்லக் கூடாது அம்மா. ஒருத்தரின்ரையை மற்றவருக்குக் காட்டக் கூடாது எண்டு சத்தியம் எடுத்திருக்கிறன்.

– நான் கையெழுத்து வைக்காட்டில் ஆண்டகைக்குப் பட்டம் இல்லையோ?

– இப்போதைக்கு எங்களிட்டை இருக்கிற புதுமை இது ஒண்டுதான்.

– அவர் எனக்குச் செய்ததுக்கு நான் திருப்பிச் செய்யக் கூடியதும் இது ஒண்டுதான் சுவாமி. தரை துடைக்கிறது சம்பளத்துக்கு. இது மட்டும்தான் நானாக் குடுக்கிறது. ஆனா அந்த வரிக்குக் கீழை என்ரை பேரை எப்பிடி எழுதுறது.

– அக்கா, என்ன இது? முகம் வெளிறிப் போச்சு. தேத்தண்ணி போடுறன், பொறுங்கோ.

– பூரணியக்கா, எனக்கும் ஒண்டு. அம்மா, நீங்கள் பேனையை வையுங்கோ. நான் ஒண்டு சொல்லுறன். போன மாசம் வெர்சென் ஆவணக் காப்பகத்திலை ஒரு கட்டுக் கடுதாசி கண்டன். ஆண்டகையின்ரை சொந்தக் கையெழுத்து. பாரிசுக்கு எழுதினது, பதினொரு கடுதாசி. அவர் தானா விரும்பி வெர்செனுக்கு வந்தவர் எண்டுதானே கோயிலிலை தகட்டிலை போட்டிருக்கு?

– ஓம். ‘தன் மந்தையைத் தேடி வந்தார்’ எண்டு.

– தேடி வரேல்லை. அரண்மனையிலை ஒரு பெரியவரைப் பற்றி நக்கலா ஒரு பாட்டு எழுதிப்போட்டார். அதுக்குத் தண்டனை. போய் உன்ரை மறைமாவட்டத்திலை இரு, நான் சொல்லும் மட்டும் பாரிசுக்கு வரக் கூடாது எண்டு அரசர் துரத்தினது. பதினொரு கடுதாசியும் ஒரே கெஞ்சல். இந்த நாறல் பட்டினத்திலை இருந்து என்னை எடுத்துவிடுங்கோ எண்டு. அதிலை ஒண்டு எண்டைக்கு எழுதினது தெரியுமோ? அந்த எருக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்ட ரெண்டாம் நாள். பகலிலை பேர் கேட்டுக் கேட்டு உள்ளுக்கு விட்டிருக்கிறார், பொழுதுபட்டபிறகு இருந்து என்னைக் கூப்பிடுங்கோ எண்டு எழுதியிருக்கிறார்.

– ஆண்டகையோ?

– ஆண்டகைதான். ஒரு கடுதாசிக்கும் பதில் வரேல்லை. ஆறு வருசத்துக்குப் பிறகு, அந்தப் பெரியவர் செத்த கையோடை, அரசரிட்டை இருந்து அனுமதி வந்தது. இப்ப வரலாம் எண்டு. இவர் எழுதின பதில் ஒரு வரி. ‘மிக்க நன்றி, இப்போது எனக்கு வசதிப்படாது.’

– சும்மா சொல்லக் கூடாது பாதர், உந்தாளை எனக்கும் பிடிச்சுக்கொண்டு வருது. இந்தாங்கோ தேத்தண்ணி. அக்கா, சீனி கூடப் போட்டிருக்கிறன்.

– அந்தக் கடுதாசியளைக் கோவையிலை சேர்த்தால் பட்டத்துக்கு இடைஞ்சல் எண்டு எனக்குத் தெரியும் அம்மா. ரெண்டு நாள் யோசிச்சன். சேர்த்திட்டன். அதை ஒளிச்சுப்போட்டு வேறை ஒராளுக்குப் பட்டம் வாங்கிக் குடுத்து என்ன பிரயோசனம்.

– சுவாமி.

– சொல்லுங்கோ.

– நான் அவளைக் காப்பாற்றித் தரச் சொல்லிக் கேக்கேல்லை.

– பின்னை?

– கூட்டிக்கொண்டு போகச் சொன்னன்.

– லூசியாக்கா, தேத்தண்ணியைக் கீழை வையுங்கோ. என்ன சொல்லுறியள்?

– சொல்ல விடு பூரணி, நிப்பாட்டினால் பிறகு வராது. பத்தொன்பது நாள் அந்த மெசின் அவளை மூச்செடுக்கப் பண்ணுறதைப் பாத்துக்கொண்டு இருந்தனான். பேசாலையிலை ஒன்பது வருசம் எனக்காகப் பாத்துக்கொண்டிருந்த பிள்ளை. இஞ்சை வந்து ரெண்டு வருசம், தாய் எண்டு ஒருத்தி எப்ப வருவாள் எண்டு என்ரை வீட்டுக்குள்ளையே பாத்துக்கொண்டிருந்த பிள்ளை. இப்ப கட்டிலிலையும் என்னாலைதான் கிடக்குது, நான் விடாததாலைதான் போகாமல் கிடந்து வருந்துது எண்டு எனக்குப் பட்டிட்டுது. பதினொரு மணிக்கு டொக்குத்தருக்கு ஓம் எண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதாலை ஆண்டகையிட்டைச் சொன்னன். பிந்தி வாறது என்னெண்டு உமக்குத் தெரியும், இந்தப் பிள்ளைக்கு நான் பிந்திப் போனன், நீர் கூட்டிக்கொண்டு போம் எண்டு.

– பிறகு?

– பிறகு கல்லிலை கையை வைச்சுக்கொண்டு அவளுக்கும் சொன்னன். ‘போ பிள்ளை. அம்மாவுக்காக இனிக் காத்திருக்காதை.’ வாய் விட்டுத்தான் சொன்னனான். பெரிய கோயில், வெறுமையாக் கிடந்தது. எழும்பி வாளித் தண்ணியை மாத்திப்போட்டு வந்து துடைக்கத் தொடங்க, போன் அடிச்சது.

– ஏழு வருசம் அக்கா. என்னட்டையும் சொல்லேல்லை.

– பெத்த பிள்ளையை எடு எண்டு கேட்டனான் எண்டு ஒரு தாய் ஆரிட்டைப் போய்ச் சொல்லுவாள் பூரணி. எல்லாரும் என்னைப் பாத்து, உன்ரை செபம் கேட்கப்பட்டது லூசியா எண்டு சொல்லேக்கை எனக்கு நிலம் பிளக்கிற மாதிரி இருக்கும். நான் கேட்டதை அவர் தரேல்லை. தராததுக்குத்தான் ஒவ்வொரு காலமையும் அந்தக் கல்லடியிலை நிண்டு நன்றி சொல்லுறன். அவள் இண்டைக்குக் குழந்தையள் காப்பகத்திலை வேலை செய்யிறாள். பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, அம்மா பசிக்குது எண்டு கத்துவாள். அம்மா எண்டுதான் கத்துவாள். அந்தச் சத்தத்தைக் கேக்கேக்கை, நீர் என்ரை பேச்சைக் கேக்காமல் விட்டீரே ஆண்டகை எண்டு குசினிக்குள்ளை நிண்டு கும்பிடுவன்.

– அப்ப பாதர், இதோடை அலுவல் முடிஞ்சுதோ? கேட்டது ஒண்டு, நடந்தது ஒண்டு எண்டால்?

– சட்டப்படி பாத்தால்... ஒரு நிமிசம் பூரணியக்கா. அம்மா, நீங்கள் அண்டைக்குச் சொன்ன அந்தச் சொல்லுகளை இன்னொருக்காச் சொல்லுங்கோ. அவளுக்குச் சொன்னது.

– ‘போ பிள்ளை. அம்மாவுக்காக இனிக் காத்திருக்காதை.’

– இதை ஜெனிற்றாவுக்கு எண்டைக்காவது சொன்னனீங்களோ? கோவத்திலை, நித்திரையிலை, ஏதாவது ஒரு கதையிலை?

– எப்பிடிச் சுவாமி சொல்லுவன். அவள் அறியக் கூடாது எண்டுதானே இவ்வளவும்.

– ஆரெலி கேட்டிருப்பாவோ?

– கேட்டாலும் அவவுக்குத் தமிழ் விளங்காது.

– பாவசங்கீர்த்தனத்திலை?

– அதிலையும் சொல்லேல்லை. அதுக்கும் சேர்த்து இப்ப மன்னிப்புக் கேக்கிறன்.

– பூரணியக்கா, அந்தக் கதிரையிலை கிடக்கிற என்ரை பையைத் தாங்கோ.

– இந்தாங்கோ பாதர். என்ன தேடுறியள்?

– இது ஜெனிற்றாவின்ரை சாட்சியம். நான் வாசிக்கக் கூடாது. வாசிச்சுப்போட்டுப் போய் ஆயரிட்டைச் சொல்லுறன், அவர் என்ன தண்டனை தந்தாலும் சரி. இதிலை ஒரு பந்தி எனக்கு விளங்கேல்லை அம்மா. மயக்கத்திலை கண்ட ஏதோ கனவு எண்டு பென்சிலாலை ஓரத்திலை குறிச்சு வைச்சிருந்தன்.

– வாசியுங்கோ சுவாமி.

– பிரெஞ்சிலைதான் சொன்னவள், ஒரு வசனத்தை மட்டும் தமிழிலை சொல்லி, அதை அப்பிடியே எழுதச் சொன்னவள். ‘கண் விழிப்பதற்குச் சற்று முன் அம்மாவின் குரல் கேட்டது. “போ பிள்ளை, அம்மாவுக்காக இனிக் காத்திருக்காதை” என்றார். எனக்குப் பெரிய கோபம் வந்தது. பதினொரு வருடம் காத்திருந்தவள் நான், போகச் சொல்ல இவர் யார்? அதைக் கேட்கத்தான் கண்ணைத் திறந்தேன்.’